வாசகர் கேள்வி: சீனத்தைப் படித்து என்ன செய்வது?

கேள்வி: மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். சீன மொழியும் அந்த நாட்டு அரசியல், வரலாறும்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். “ரூரிஸ்ட் கைட் வேலைக்கா இவ்வளவு படிப்பு? அமெரிக்காவிலேயே இதையெல்லாம் மூடுகிறார்கள்” என்கிறார் அவளுடைய மாமா. என்ன செய்யலாம்?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: படிக்க விடுங்கள் அம்மா.

அமெரிக்கா பற்றி மாமா சொல்வது உண்மைதான். 1957இல் சோவியத் ஸ்புட்னிக் என்ற செயற்கைக்கோளை ஏவியதும் பயந்துபோய், அடுத்த வருடமே ஒரு சட்டம் போட்டு, ரஷ்ய மொழியிலிருந்து நம் தமிழ் வரை பிறநாட்டு மொழிகளையும் நாடுகளையும் படிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் காசு கொடுத்தார்கள். இந்தியாவுக்கு விற்ற கோதுமைக்கு ரூபாயாக வந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, 1962 முதல் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கித் தங்கள் நூலகங்களுக்குக் கப்பலேற்றினார்கள். 2011இல் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்துவந்த அந்த நிதியைப் பெரிதாக வெட்டினார்கள், 2025இல் டிரம்ப் அரசு நிறுத்தியது. காசு நின்றால் முதலில் அடிபடுவது வகுப்பில் நாலு பிள்ளைகள் மட்டும் இருக்கும் மொழிகள்தான், அது பெரிய அநியாயம். ஆனால் அவர்களிடம் அறுபது வருடத்து நூலகமும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நாம் இன்னும் ஒழுங்காகத் தொடங்கவே இல்லையே, அதற்குள் எதை மூடுவது?

2021இல் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீனா அன்பளிப்பாகக் கொடுத்த நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களம், ஆங்கிலம், சீனம் இருந்தன, தமிழ் இல்லை. நாமெல்லாம் கொதித்தோம், கொதித்தது நியாயம், பலகையும் கழற்றப்பட்டது. சரி, அந்தப் பலகையில் இருந்த சீன எழுத்தை வாசிக்கக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்? அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருடக் குத்தகைக்குப் போய்விட்டது, காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் கடலை நிரப்பித் துறைமுக நகரம் எழும்புகிறது, அதைப்பற்றிச் சீனர்கள் தங்களுக்குள் என்ன எழுதுகிறார்கள் என்பதை நாம் ஆங்கிலத்தில் மூன்றாம் கையாகத்தான் அறிந்துகொள்கிறோம். கடன் கொடுத்தவனைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அவனோடு பேரம் பேசப் போவது ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்மவர்களுக்கு இது புதிதும் இல்லை. ஊர்காவற்றுறையில் பிறந்த தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுத் துறைப் பேராசிரியராக இருந்தவர். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்ததும் அவருடைய முயற்சியால்தான். வேறொரு நாடு தன் அண்டை உலகத்தை அறிய ஒரு துறை அமைத்தது, அதில் நம் தமிழுக்கும் இடம் கிடைத்தது.

ஆனால் வெறும் மொழி போதாது என்பதை மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். களனியில் சீனம், ஜப்பானியம், கொரியம் எல்லாம் படிப்பிக்கிறார்கள், அதோடு பொருளியலோ சட்டமோ அரசறிவியலோ ஒன்றைக் கையில் வைத்திருக்கட்டும். சீனத்தில் ஒரு கடன் ஒப்பந்தத்தை வாசித்து, அதிலுள்ள வட்டிக் கணக்கும் விளங்குகிறவளுக்கு இங்கே வேலை கிடைக்காமல் போகாது. சீன அரசின் புலமைப்பரிசில் கிடைத்தால் ஒரு வருடமாவது அங்கே போய் இருந்துவிட்டு வரட்டும். சந்தையில் பேரம் பேசி, பஸ்ஸில் ஏறி இறங்கி, மனிதர்களோடு பழகாமல் ஒரு நாட்டைப் படித்ததாகச் சொல்ல முடியாது. அப்புறம், காசு கொடுக்கும் நாட்டைப் புகழத்தான் வேண்டும் என்று அவள் நினைக்கத் தேவையில்லை, அதையும் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் இருக்கைக்கு, அதாவது தமிழுக்கென்று நிரந்தரமான ஒரு பேராசிரியர் பதவிக்கு, காசு சேர்க்கிறார்களே, அந்தக் காசை இங்குள்ள பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கக் கூடாதா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டுக்கும் கொடுக்கலாம். டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துத் தமிழ் இருக்கைக்கு 30 இலட்சம் கனேடிய டொலரைப் பெரும்பாலும் நம் சனங்களே சேர்த்துக் கொடுத்தார்கள். மூலதனத்தைத் தொடாமல் அதில் வரும் வருமானத்தில் நடக்கும் ஏற்பாடு அது, அரசு மாறினால் நின்றுவிடாது. மேலே உள்ள பதிலில் அமெரிக்காவுக்கு நடந்ததைப் பார்த்தீர்கள்தானே.