பந்தியில் உட்காருங்கள், சகோதரி

கேள்வி: எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை விருந்துக்கு 18 வருடமாக நான்தான் சமையல் பொறுப்பு. இந்த வருடம் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் புதிய செயலாளர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறு இருவரிடம் அதைக் கொடுத்துவிட்டார். ‘நீங்க ரெஸ்ட் எடுங்க அக்கா’ என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். 3 வாரமாக நான் சங்கத்துக்குப் போகவில்லை. ‘உனக்குத் தாழ்மை இல்லை’ என்கிறார் கணவர். இத்தனை வருடம் நான் செய்தது அன்பா, பெருமையா?

– வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புள்ள சகோதரி, மலைக் குளிரில் இருட்டோடு எழுந்து, ஈர விறகை ஊதி ஊதி, சபைக்கே பொங்கிப் போட்டிருக்கிறீர்கள். அதில் அன்பு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். கூடவே பெருமையும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். அது யாருக்கும் சேரும். ‘எனக்கு உண்டான யாவற்றையும் நான் அன்னதானம்பண்ணினாலும்’ அன்பு இராவிட்டால் பிரயோஜனமில்லை என்று பைபிளில் அப்போஸ்தலர் பவுல் எழுதியது, யாருடைய வரம் பெரியது என்று போட்டி போட்ட கொரிந்து சபைக்குத்தான். சோறு போடுவதிலும் அன்பு தவறிப்போகலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

யோவான் 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவ எழுவதற்கு முன்னால் ஒரு வசனம் வருகிறது. பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்திருக்கிறார், தாம் தேவனிடத்திலிருந்து வந்தவர் என்பதை இயேசு அறிந்திருந்தார். அதை அறிந்தே சீலையை இடுப்பில் கட்டினார். தாம் யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அதனால் அடிமை செய்யும் வேலையைச் செய்தும் அவருக்கு ஒன்றும் குறையவில்லை. உங்களுக்கு இப்போது வலிப்பது அந்த இடம்தான் என்று நினைக்கிறேன். கரண்டி போனதும் ‘இனி இந்தச் சபையில் நான் யார்?’ என்று தோன்றிவிட்டது.

உங்கள் கணவர் சொன்னதை நான் முழுசாக ஏற்கவில்லை. வலியை விழுங்கிக்கொண்டு சிரிப்பதைத் தாழ்மை என்று நம் வீடுகளில், அதுவும் பெண்களுக்கு, அதிகமாகவே சொல்லிக் கொடுத்துவிட்டோம். பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் அறைந்தபோது, ‘என்னை ஏன் அடிக்கிறாய்?’ என்று இயேசு கேட்டார். நீங்களும் கேட்கலாம். ஆனால் மத்தேயு 18 சொல்கிறபடி, தனியாகப் போய்க் கேளுங்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், ‘முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு வலிச்சிருக்காது, அம்மா’ என்று சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம். உங்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றே அவர் நினைத்திருக்கலாம், சொன்ன விதம்தான் பிசகியிருக்கும்.

அப்புறம், கால் கழுவிய அதே இடத்தில் சீஷர் பேதுருவைப் பாருங்கள். ‘நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது’ என்றார். கேட்க எவ்வளவு பணிவாக இருக்கிறது! ஆனால் கால் நீட்ட மறுத்தால் தம்மோடு பங்கில்லை என்றார் இயேசு. மழையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து செம்மண் காலோடு வரும்போது வீட்டில் யாராவது வெந்நீர் ஊற்றினால், ‘இரு, நானே ஊத்திக்கறேன்’ என்று சொம்பைப் பிடுங்குகிற ஆளா நீங்கள்? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இந்த 18 வருடத்தில் ஒரு தடவையாவது முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டீர்களா?

இந்த வருடம் உட்காருங்கள். கேரட்டோ பூண்டோ, உங்கள் தோட்டத்தில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுபோங்கள். காணிக்கைப் பொருட்களின் ஏலம் முடிந்ததும் கணவரோடு பந்திக்குப் போங்கள், அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள். சாம்பாரில் உப்பு குறைந்தால் அன்று சொல்ல வேண்டாம். புதிதாகச் சமைத்த அந்த இருவரும் உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.