நடுவர் எங்கே நின்றார்? ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் ப்ளேஆஃப் மாதங்களில் ஹாக்கி பார்ப்பவர்கள் கோல் அடித்தவரைப் பாராட்டுவதைவிட நடுவரைத் திட்டுவதுதான் அதிகம். அதனால் இந்த முறை நடுவர்கள் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் ஒன்டாரியோவில் சிறுவர் ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவன். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். பற்றிச் சொல்வதெல்லாம் விதிப்புத்தகத்தையும் எல்லோரும் பார்த்த ஆட்டங்களையும் வைத்துத்தான்.

கேள்வி: இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். வரிச்சட்டை போட்ட நான்கு பேரில் யாருக்கு என்ன வேலை?

கையில் ஆரஞ்சுப் பட்டை கட்டிய இருவர் நடுவர்கள். பெனால்டி (குற்றம் செய்தவரைச் சில நிமிடம் வெளியே உட்கார வைப்பது) கொடுப்பதும், கோல் செல்லுமா செல்லாதா என்று சொல்வதும் அவர்கள். பட்டை இல்லாத இருவர் லைன்ஸ்மன்கள். ஆஃப்சைட் (ரப்பர் வட்டான பக்குக்கு முன்பே ஆள் தாக்கும் பகுதிக்குள் நுழைவது), ஐசிங் (நடுக்கோட்டுக்குப் பின்னாலிருந்து பக்கை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி அடித்துவிடுவது), பெரும்பாலான ஃபேஸ்-ஆஃப் (இரு வீரர்களுக்கு நடுவே பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது), சண்டையை விலக்குவது எல்லாம் அவர்கள் பாடு. களத்தில் ஆள் கூடுதலாக இருந்தாலோ, பெரிய குற்றம் எதையாவது பார்த்தாலோ நடுவரிடம் சொல்வார்கள். சாதாரண இரண்டு நிமிடக் குற்றங்களில் பெரும்பாலும் தலையிட மாட்டார்கள்.

கேள்வி: இரண்டு நடுவர்களும் ஏன் பக் இருக்கும் இடத்திலேயே இருப்பதில்லை? ஒருவர் எப்போதும் தூரத்தில் நிற்கிறாரே?

அவர் அங்கே நிற்பது வேண்டுமென்றேதான். ஓர் அணி தாக்கப் போகும்போது ஒரு நடுவர் முன்னால் போய், கோல் கோட்டின் மேல், வலைக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் நிற்பார். பக்கும் வலையும் அவர் பொறுப்பு. மற்றவர் தாக்கும் பகுதியின் எல்லையான நீலக் கோட்டுக்கு வெளியே பின்தங்கி நின்று, பக் இல்லாத இடங்களில் நடப்பதைப் பார்ப்பார். முதுகில் ஸ்டிக்கால் இடிப்பது, பிடித்து இழுப்பது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். பக் எதிரணியிடம் போய்விட்டால் பின்னால் நின்றவர் முன்னவர் ஆகிவிடுவார்.

பலரும் நடுவர் பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். எனக்குக் கோணம்தான் முக்கியம். இருநூறு அடி நீளம், 85 அடி அகலத் தளத்தில் அறுபது அடி தள்ளி நின்றும் ஒரு தள்ளலைத் தெளிவாகப் பார்க்கலாம். நடுவில் ஒரு முதுகு வந்துவிட்டால் பத்தடியிலும் ஒன்றும் தெரியாது. நல்ல நடுவரின் கால் சும்மா இருக்காது. இடமும் வலமும் ஓரிரண்டு அடி நகர்ந்து, ஆட்களுக்கு இடையில் உள்ள இடைவெளியைத் தேடிக்கொண்டே இருப்பார்.

கேள்வி: நாங்கள் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ரசிகர் குடும்பம். 1993-ஐப் பற்றி அப்பா இன்னும் புலம்புகிறார். அப்படி என்னதான் நடந்தது?

டொராண்டோவில் பல வீடுகளில் இதே கதைதான். 1993 மே 27, லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டம். ஏழு ஆட்டத் தொடரில் லீஃப்ஸ் 3-2 என்று முன்னிலை. இன்னும் ஒன்று ஜெயித்தால் லீக்கின் கோப்பையான ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்று. கூடுதல் நேரமான ஓவர்டைமில் கிங்ஸின் வெய்ன் கிரெட்ஸ்கியின் ஸ்டிக் லீஃப்ஸின் டக் கில்மரின் தாடையில் பட்டு ரத்தம் வந்தது. பெனால்டி இல்லை. சற்று நேரத்தில் கிரெட்ஸ்கியே கோல் அடித்து ஆட்டத்தை முடித்தார். ஏழாவது ஆட்டத்தில் மூன்று கோல் அடித்துத் தொடரையும் கொண்டுபோனார்.

அன்றைய நடுவர் கெர்ரி ஃப்ரேசர். தான் அதைப் பார்க்கவில்லை என்று பிறகு பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். லைன்ஸ்மன்களிடம் கேட்டார், அவர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பார்க்காததற்குப் பெனால்டி கொடுக்க முடியாது. அப்பாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்: அப்போது களத்தில் ஒரே ஒரு நடுவர்தான். பக்கையும் பார்த்து, ஸ்டிக்குகளையும் பார்த்து, முதுகுக்குப் பின்னால் நடப்பதையும் பார்ப்பது எந்த மனிதராலும் ஆகாது. இரண்டு நடுவர் முறை 1998-99 பருவத்தில் சில ஆட்டங்களில் சோதிக்கப்பட்டு, 2000-01 முதல் எல்லா ஆட்டங்களுக்கும் வந்தது. அந்த ஒரு ஸ்டிக்கால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று இன்னொரு கோணத்தில் இன்னொரு ஜோடிக் கண் இருந்திருந்தால் என்று எனக்கும் தோன்றும்.

கேள்வி: இரண்டு பேர் வந்த பிறகும் தவறு குறையவில்லையே? 2017 இறுதிப்போட்டி?

நாஷ்வில், பிட்ஸ்பர்க் ஆறாவது ஆட்டம். நாஷ்வில்லின் ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க் அடித்த பக் பிட்ஸ்பர்க் கோலி (கோல் காப்பவர்) மேட் மரேயைத் தாண்டி நழுவிக் கிடந்தது. நாஷ்வில்லின் கோல்டன் சிசன்ஸ் தட்டி உள்ளே தள்ளினார். அதற்குள் நடுவர் கெவின் போலக், பக் கோலியிடம் சிக்கிவிட்டது என்று எண்ணி விசில் ஊதிவிட்டார். கோல் இல்லை. அதுவரை 0-0. பிட்ஸ்பர்க் 2-0 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது.

விதிப்படி அவர் செய்தது சரி. பக் கண்ணை விட்டு மறைந்தால் விசில் ஊத வேண்டும். ஊத முடிவெடுத்த கணமே ஆட்டம் நின்றதாகக் கணக்கு, அதனால் வீடியோவாலும் காப்பாற்ற முடியாது. என் குறை அவர் நின்ற இடத்தில். அங்கிருந்து கோலியின் உடம்பைத் தாண்டிப் பார்க்க வழியில்லை. அந்த நேரத்தில் வலையை நோக்கி ஒரு எட்டு வைத்துவிட்டுத்தான் விசிலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கேள்வி: தப்புச் செய்த நடுவருக்குத் தண்டனையே கிடையாதா?

உண்டு, ஆனால் நம் காதுக்கு வராது. கூடைப்பந்தில் என்.பி.ஏ. 2015 முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளைச் சரி, தவறு என்று வெளியிடுகிறது. என்.எச்.எல்.லில் அப்படி ஒன்று இல்லை. மேற்பார்வையாளர்கள் மதிப்பிடுகிறார்கள், ப்ளேஆஃபில் சுற்றுக்குச் சுற்று ஆட்கள் குறைந்து, இறுதிக்கு நான்கு நடுவர்களும் நான்கு லைன்ஸ்மன்களும் மிஞ்சுவார்கள். அடுத்த சுற்றுப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் அதுதான் தண்டனை.

அபூர்வமாக வெளியே வந்தது 2019 ஏப்ரல் 23. சான் ஹோசே, வேகாஸ் ஏழாவது ஆட்டம். வேகாஸ் 3-0 முன்னிலை. ஒரு ஃபேஸ்-ஆஃப் முடிந்ததும் வேகாஸின் கோடி ஈக்கின் ஸ்டிக்கால் சான் ஹோசேயின் ஜோ பவெல்ஸ்கியின் மார்பில் தள்ள, அவர் தடுமாறி இன்னொருவர் மேல் மோதி விழுந்தார். தலையில் ரத்தம். நடுவர்கள் கூடிப் பேசி ஐந்து நிமிட மேஜர் பெனால்டி கொடுத்தார்கள். எதிரணியில் ஆள் குறைந்த அந்த ஒரே பவர் ப்ளேயில் சான் ஹோசே நான்கு கோல் அடித்து, கடைசியில் ஓவர்டைமில் 5-4 என்று வென்றது. லீக் வேகாஸிடம் மன்னிப்புக் கேட்டது. அந்த இரு நடுவர்களும் அடுத்த சுற்றில் இல்லை. விளைவைப் பார்த்துவிட்டுக் குற்றத்தை ஊகித்தார்கள் என்பது என் கருத்து. சண்டை தவிர்த்த மேஜர் பெனால்டிகளை நடுவரே திரையில் பார்த்துக் குறைக்கலாம் என்று அடுத்த பருவத்தில் விதி மாறியது.

கேள்வி: அதே வருடம் கையால் தட்டிய பக்கில் கோல் விழுந்ததே?

அதுவும் சான் ஹோசேதான்! சென்ட் லூயிஸுக்கு எதிரான ஆட்டத்தில் சான் ஹோசேயின் டிமோ மையர் கையால் தட்டியது நால்வர் கண்ணிலும் படவில்லை. எரிக் கார்ல்சன் ஓவர்டைமில் கோல் அடித்தார். வீடியோ பார்க்க விதி இடம் தரவில்லை. 2019-20 முதல் அப்படி விழுந்த கோலை வீடியோவில் பார்க்கச் சொல்லிப் பயிற்சியாளர் சவால் விடலாம். தோற்றால் இரண்டு நிமிட பெனால்டி, மறுபடி தோற்றால் நான்கு. சென்ட் லூயிஸ் அன்று தோற்றாலும் கோப்பையை வென்றது, அதனால் கோபம் சீக்கிரம் ஆறிவிட்டது.

கேள்வி: நடுவர் டிம் பீலை நீக்கியது நியாயமா?

பாதி நியாயம். 2021 மார்ச்சில், நாஷ்வில் ஆட்டத்தில், பெரிதாக ஒன்றும் இல்லை என்றாலும் அந்த அணிக்கு எதிராக ஆரம்பத்திலேயே ஒரு பெனால்டி கொடுக்க விரும்பினேன் என்ற பொருளில் அவர் பேசியது ஒலிபரப்பில் கேட்டுவிட்டது. இனி அவருக்கு ஆட்டமே கிடையாது என்று மறுநாளே லீக் அறிவித்தது. அடுத்த மாதம் ஓய்வு பெற இருந்தவர். அப்படிச் சொன்னவர் விசிலோடு நிற்கக் கூடாது, சரி. ஆனால் ஒரு பக்கம் பெனால்டி கொடுத்தால் மறுபக்கமும் ஒன்று தேடும் பழக்கம் அவர் ஒருவரோடு முடிந்துவிட்டதாகக் காட்டியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: பக் நடுவர் மேல் பட்டால்?

ஆட்டம் தொடரும். நேராக அவர் மேல் பட்டு வலைக்குள் போனால் மட்டும் கோல் இல்லை.

கேள்வி: பதினைந்து வயது மகள் நடுவர் பயிற்சி முடித்திருக்கிறாள். பெற்றோர்கள் கத்துவதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

கத்துவார்கள், மறைக்க மாட்டேன். பதினெட்டு வயதுக்குக் குறைந்த நடுவர்களுக்குப் பச்சைப் பட்டை கட்டும் வழக்கம் கனடாவில் பரவியிருக்கிறது, கத்துகிறவர் குழந்தையைத்தான் கத்துகிறோம் என்று உணரட்டும் என்று. அவளுடைய சங்கத்தில் உண்டா என்று கேளுங்கள்.

அப்புறம் அவளுக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். பக்கின் பின்னாலேயே போகாமல், அது அடுத்து எங்கே வரும் என்று பார்த்து அங்கே முன்கூட்டியே போய் நிற்கட்டும். ஹாக்கி விசில் விரலில் மாட்டுவது. அதை வாய்க்குக் கொண்டுபோக ஆகும் அந்த அரை நொடி அவள் யோசிப்பதற்கானது. யாராவது காரணம் கேட்டால், "நான் நின்ற இடத்திலிருந்து இதைப் பார்த்தேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடட்டும். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்லட்டும். முதல் சில ஆட்டங்களுக்கு நீங்களும் கூடப் போங்கள், ஆனால் தளத்தைச் சுற்றியுள்ள கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள்.