என் மகளுக்கு எம்.ஐ.டி. கிடைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு?

கேள்வி: டெக்சஸில் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். ஜி.பி.ஏ. (பள்ளிப் பாடங்களின் சராசரி) 3.97, கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்.ஏ.டி.யில் 1600-க்கு 1530, கல்லூரித் தரத்தில் பத்து ஏ.பி. பாடங்கள், பள்ளியில் முதல் 7 சதவீதத்துக்குள் ரேங்க். பரதநாட்டிய அரங்கேற்றம் முடிந்துவிட்டது. ரோபாட்டிக்ஸ், மருத்துவமனையில் தன்னார்வப் பணி எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் (பாட்டியின் குரலைப் பதிவு செய்து, எழுத்தைத் தொட்டால் ஒலிக்கிற மாதிரி ஏதோ ஒரு வலைப்பக்கம்கூடச் செய்திருக்கிறாள். பிள்ளைகள் எல்லா எழுத்தையும் ஒரே நேரத்தில் அமுக்கிவிட்டுச் சிரிக்கிறார்களாம்). கணினி அறிவியல் படிக்க ஆசை. என் கணவர் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்), ஸ்டான்ஃபோர்ட், கார்னகி மெலன் என்று இருபது இடங்களுக்குப் போட்டுவிடலாம் என்கிறார். ஒரு தனியார் ஆலோசகர் எட்டாயிரம் டாலர் கேட்டு, ‘எண்பது சதவீதம் உறுதி’ என்கிறார். இணையத்தில் விவரங்களைக் கொடுத்துப் பார்த்தால் எம்.ஐ.டி.க்கு 23 சதவீதம் என்று வருகிறது. இந்தியப் பிள்ளைகள் என்றால் குறைத்துப் போடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். பேச்செடுத்தாலே மகள் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சேலத்திலிருந்து மாமியார் வாராவாரம் ‘எங்கே கிடைச்சிருக்கு’ என்று கேட்கிறார். உண்மையில் இவளுக்கு எவ்வளவு வாய்ப்பு?

– பெயர் வெளியிட வேண்டாம், ஃப்ரிஸ்கோ

பதில்:

அன்புள்ள சகோதரி,

நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு இத்தனை சதவீதம் என்று ஓர் எண்ணை யாராலும் சொல்ல முடியாது. அந்த 23-ஐயும் மறந்துவிடுங்கள், அந்த 80-ஐயும் மறந்துவிடுங்கள்.

நீங்களும் உங்கள் கணவரும் கட்-ஆஃப் பார்த்து வளர்ந்தவர்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50, ஆக மொத்தம் 200. போன வருடப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டால், இந்த மார்க்குக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்று கவுன்சிலிங்குக்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும். இங்கே நீங்கள் பட்டியல் போட்டிருக்கும் கல்லூரிகளில் அப்படி ஒரு கோடே கிடையாது. ஆசிய அமெரிக்க மாணவர்களை ஒதுக்குகிறது என்று ஹார்வர்டு பல்கலைக்கழகம் மீது போட்ட வழக்கில் வெளிவந்த கணக்கைப் பாருங்கள். 2019-ல் பட்டம் பெறவேண்டிய வகுப்புக்குச் சுமார் 35,000 பேர் விண்ணப்பித்தார்கள், இடங்கள் சுமார் 1,600. அமெரிக்காவுக்குள்ளிருந்து விண்ணப்பித்த 26,000 பேரில் முழு ஜி.பி.ஏ. வைத்திருந்தவர்கள் மட்டும் 8,000-க்கும் மேல். எஸ்.ஏ.டி. கணக்குப் பகுதியில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் 3,400 பேர். மார்க்கை வைத்தே இடம் கொடுப்பதென்றால் ஒரே வகுப்பைப் பலமுறை நிரப்பியிருக்கலாம்.

அதே வழக்கில் இன்னொன்றும் தெரியவந்தது. விளையாட்டுக்காக அழைக்கப்படும் மாணவர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், சேர்க்கைத் துறைத் தலைவரான டீனின் தனிப்பட்டியலில் இருப்பவர்கள், ஆசிரியர்களின் பிள்ளைகள் ஆகியோர் விண்ணப்பித்தவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. இடம் பெற்றவர்களில் அவர்கள் சுமார் 30 சதவீதம். ஆகவே இப்படிச் சலுகை காட்டும் கல்லூரிகள் வெளியிடும் சேர்க்கை விகிதமே, உங்கள் வீட்டுப் பிள்ளையைப் போன்றவர்களுக்கு இன்னும் குறைவாகத்தான் இருக்கும். எம்.ஐ.டி. பழைய மாணவர்களின் பிள்ளைகள் என்று சலுகை காட்டுவதில்லை. ஆனால் அங்கே எல்லோருக்கும் சேர்த்தே விகிதம் 4.5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

அப்படியானால் அவளுடைய 3.97-க்கும் 1530-க்கும் என்ன மதிப்பு? விண்ணப்பத்தை ஒதுக்கிவிடாமல் உட்கார்ந்து படிப்பார்கள். அந்த வேலையை அந்த எண்கள் செய்து முடித்துவிட்டன. இந்தக் கோடையில் 1530-ஐ 1560 ஆக்க இன்னொரு பயிற்சி வகுப்பில் தயவுசெய்து சேர்க்காதீர்கள். அந்த முப்பது மதிப்பெண்ணால் ஒன்றும் மாறப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட இடத்தைத்தான். ‘ஏதோ ஒரு வலைப்பக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏதோ ஒன்று அல்ல, சகோதரி. பிள்ளைகளுக்கு எழுத்தின் ஒலி பிடிபடவில்லை என்பதை ஒரு பெண் தானே கவனித்திருக்கிறாள். பாட்டியை உட்காரவைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறாள். பிறகு தனக்குத் தெரிந்த நிரலை எழுதி அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறாள். அவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாக அமுக்கியபோது பத்துப் பாட்டிகள் ஒரே நேரத்தில் பேசியிருப்பார்கள். அதற்கு அப்புறம் என்ன செய்தாள்? ஒரு ஒலி முடியும்வரை அடுத்ததைத் தடுத்தாளா? பிள்ளைகள் சிரிக்கிறார்களே என்று அப்படியே விட்டுவிட்டாளா? எனக்கு அதைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. விண்ணப்பங்களைப் படிக்கிறவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பல கல்லூரிகள் பொதுவாக ஏற்கும் காமன் ஆப் படிவத்தில் வகுப்புக்கு வெளியே செய்ததைச் சொல்லப் பத்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் 150 எழுத்துகள்தான், இடைவெளியையும் சேர்த்து. எம்.ஐ.டி. தனக்கென்று ஒரு படிவம் வைத்திருக்கிறது, அதில் நான்கே நான்கு செயல்பாடுகளுக்குத்தான் இடம். யோசித்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். பதினைந்து சங்கங்களின் பெயர் அவர்களுக்குத் தேவையில்லை. எதில் இந்தப் பெண்ணின் மனசு இருக்கிறது என்பதே தேவை. மருத்துவமனைப் பணி அவளுக்குப் பிடித்திருந்தால் தொடரட்டும். படிவத்துக்காகப் போகிறாள் என்றால் அந்த நேரத்தைத் தமிழ்ப் பள்ளிக்கே கொடுக்கட்டும். காமன் ஆப்பில் கேட்கும் 650 சொல் கட்டுரையை அவளே எழுத வேண்டும். நீங்களோ ஆலோசகரோ கைவைத்தால் அது நாற்பது வயதுக்காரர் எழுதியதுபோல ஆகிவிடும்.

இந்தியர் என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தப் பயத்தைப் பொய் என்று ஒதுக்க மாட்டேன். ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு ஆளுமை மதிப்பீட்டில் சராசரியாகக் குறைவாகப் போட்டிருந்ததும் அதே வழக்கில்தான் வெளியே வந்தது. 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் இனத்தைப் பார்த்துச் சேர்ப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் எம்.ஐ.டி.யில் ஆசிய அமெரிக்கர் பங்கு 40-லிருந்து 47 சதவீதமானது, யேலிலும் பிரின்ஸ்டனிலும் குறைந்தது. இதிலிருந்து உங்கள் மகளுக்கென்று எதையும் கணக்கிட முடியாது. பரதநாட்டியத்தை மறைத்துவிடலாமா என்ற யோசனை இருந்தால், வேண்டாம். இத்தனை வருடம் ஆடிய பெண், ஆடியதைச் சொல்லட்டும்.

இனி உங்கள் கையில் இருக்கிற விஷயம்: பட்டியல். ஒரு இடத்தில் 5 சதவீதம் என்றால் இருபது இடங்களில் 100 ஆகிவிடும் என்று உங்கள் கணவர் நினைக்கிறார். அப்படி ஆகாது. இருபது கல்லூரியிலும் படிக்கப்போவது அதே மதிப்பெண்ணையும் அதே ஆசிரியர் கடிதங்களையும்தான். ஓரிடத்தில் எடுபடாதது பல இடங்களில் எடுபடாது. அதோடு ஒவ்வொரு கல்லூரியும் தனியாகச் சின்னச் சின்னக் கட்டுரைகள் கேட்கும். இருபது கல்லூரி என்றால் அது நாற்பது ஐம்பதுக்குப் போய்விடும், நவம்பருக்குள் பிள்ளை ஓய்ந்துபோவாள்.

பட்டியலைக் கீழிருந்து கட்டுங்கள். நீங்கள் இருப்பது டெக்சஸ், அது பெரிய வசதி. 1997-ல் வந்த மாநிலச் சட்டப்படி, பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் உண்டு. யூ.டி. ஆஸ்டின் (டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம்) மட்டும் விதிவிலக்கு. அங்கே முன்பு 6 சதவீதமாக இருந்ததை, 2026-ல் சேர்பவர்களிலிருந்து 5 ஆக்கிவிட்டார்கள். ஆகவே 7 சதவீதத்தில் இருக்கும் உங்கள் மகள் ஆஸ்டினுக்கு மற்றவர்களோடு போட்டியிட வேண்டும், அதுவும் கணினி அறிவியல் என்றால் கடும் போட்டி. ஆனால் டெக்சஸ் ஏ அண்ட் எம்மிலும் யூ.டி. டாலஸிலும் அவளுக்குக் கதவு திறந்திருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சட்டம் தருவது பல்கலைக்கழகத்தில் இடம், கேட்ட பிரிவு அல்ல. ஏ அண்ட் எம்மில் பொறியியல் மாணவர்கள் முதல் வருடம் பொதுவாகப் படித்து, அங்கே எடுக்கும் மதிப்பெண்ணை வைத்துத்தான் பிரிவுக்குள் போகிறார்கள். யூ.டி. டாலஸ் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். அதனாலேயே அவளுக்கு வேண்டாம் என்று தோன்றலாம், ஆனால் அங்கே நல்ல மதிப்பெண்ணுக்கு உதவித்தொகை தருகிறார்கள். இரண்டையும் போய்ப் பாருங்கள். அவள் மனம் ஒப்பிப் போகக்கூடிய ஓர் இடம் உறுதியான பிறகு, எம்.ஐ.டி.யும் ஸ்டான்ஃபோர்டும் கார்னகி மெலனும் தாராளமாக வரட்டும். எல்லாம் சேர்த்துப் பத்து போதும்.

பணத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஸ்டான்ஃபோர்டு போன்ற தனியார் கல்லூரியில் தங்கும் செலவோடு வருடத்துக்கு 90,000 டாலரைத் தாண்டும். எம்.ஐ.டி.யோ ஸ்டான்ஃபோர்டோ நன்றாகப் படிக்கிறாள் என்பதற்காகக் கட்டணத்தைக் குறைப்பதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவுகிறார்கள். எம்.ஐ.டி. 2025 முதல் 2 லட்சம் டாலருக்குக் கீழே சம்பாதிக்கும், சாதாரண சொத்துள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. நீங்கள் இருவருமே வேலை பார்த்தால் அந்த வரம்பைத் தாண்டியிருக்கலாம். ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் செலவுக் கணிப்பான் ஒன்று இருக்கிறது, சட்டப்படி வைத்தே ஆகவேண்டும். வாய்ப்பைக் கணிக்கும் பக்கத்தை மூடிவிட்டு அதைத் திறந்து, கணவரோடு உட்கார்ந்து ஒரு மாலையில் போட்டுப் பாருங்கள். அதைப் பார்க்காமல் ‘எர்லி டிசிஷன்’ என்ற கட்டுப்பாட்டில் கையெழுத்துப் போடாதீர்கள், கிடைத்தால் போயே ஆக வேண்டும். எம்.ஐ.டி.யின் நவம்பர் 1 விண்ணப்பத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதைத் தைரியமாகப் போடலாம். ஆஸ்டினுக்கும் சீக்கிரமே போட்டுவிடுங்கள்.

ஆலோசகர் வேண்டாம். தனியார் ஆலோசகர்களின் சங்கமே, இடம் உறுதி என்று உறுப்பினர்கள் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. எண்பது சதவீதம் என்று சொன்ன ஒரே காரணம் போதும், அவருக்கு அந்த எட்டாயிரத்தைக் கொடுக்காதீர்கள். பள்ளியிலேயே கவுன்சிலர் இருக்கிறார், செலவில்லை. அவர் எழுதும் கடிதமும் விண்ணப்பத்தோடு போகிறது.

உங்கள் கணவரிடம் காட்ட ஒன்று. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற பொருளியலாளர்கள், திறமையிலும் முயற்சியிலும் ஒத்த மாணவர்களைப் பெரிய பெயருள்ள கல்லூரிக்குப் போனவர்கள், போகாதவர்கள் என்று ஒப்பிட்டார்கள். பிற்காலச் சம்பளத்தில் பெரும்பாலோருக்குக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2023-ல் பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழுவும் சராசரி வருமானத்தில் பெரிய மாற்றம் காணவில்லை. மிக உச்சத்தில் இருக்கும் ஒரு சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பு மட்டும் அதிகம் என்றது. ஆக ஆசைப்படுவதில் தப்பில்லை. ஏ அண்ட் எம் போனால் வாழ்க்கை போயிற்று என்று அவள் காதுபட யாரும் பேசக் கூடாது.

கதவு சாத்துவதற்குக் காரணம் அநேகமாக இதுதான்: வீட்டில் எல்லாப் பேச்சும் கல்லூரியில் போய் முடிகிறது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் மட்டும் கல்லூரிப் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தை அவளே சொல்லட்டும். மற்ற நாட்களில் வாயே திறக்காதீர்கள். மாமியாரிடம், ‘ஆகஸ்ட்லதான் ஃபார்மே வரும் அத்தை, மார்ச் கடைசியிலதான் முழுசாத் தெரியும், தெரிஞ்சதும் அவளே கூப்பிடுவா’ என்று ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள்.

அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான். மே கடைசியில் பள்ளி மூடுவதற்குள், பரிந்துரைக் கடிதத்துக்கு இரண்டு ஆசிரியர்களை அவள் நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும். எம்.ஐ.டி. கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவர், ஆங்கிலம் வரலாறு போன்ற பாடத்தின் ஆசிரியர் ஒருவர் என்று கேட்கிறது. அதிக மார்க் போட்டவரைத் தேட வேண்டாம், வகுப்பில் அவள் பேசியதை நினைவு வைத்திருப்பவரைக் கேட்கட்டும். இலையுதிர் காலத்தில் அவர்களிடம் பெரிய வரிசை நிற்கும், சிலர் இத்தனை கடிதம்தான் என்று நிறுத்திவிடுவார்கள். இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள்.