கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை ஏறுவது ஏன்?

கேள்வி: வீட்டில் ஆறு கலர் டேங்க் இன்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது. தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டால், சாம்பல் நிறம் ஒரு நேரம் பச்சையாகவும் ஒரு நேரம் ஊதாவாகவும் தெரிகிறது. தனியாக மோனோ இங்க் (கறுப்பும் சாம்பலும் மட்டும் உள்ள இங்க்) வாங்கி ஊற்றலாமா?

பதில்: ஊற்றலாம், ஆனால் இந்த மெஷினில் வேண்டாம்.

பொதுவாக ஆறு கலர் என்பது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு, அப்புறம் லைட் சயான், லைட் மெஜந்தா. இதில் சாம்பல் கிடையாது. முகத்தில் விழும் நிழலை எல்லாம் கலர்களைக் கலந்துதான் பிரிண்டர் உண்டாக்குகிறது. கலவை இம்மி சாய்ந்தாலும் சாயம் தெரிந்துவிடும். அதிலும் இந்தக் கலவை ட்யூப்லைட்டில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி தெரியும். பிரிண்டை ஓர் இரவு காயவிட்டு, முதலில் விளக்கடியிலும் பிறகு ஜன்னலோரத்திலும் பிடித்து வேட்டி மடிப்பின் நிழலைப் பாருங்கள். சாயம் மாறினால் கோளாறு படத்தில் இல்லை, இங்க்கில்தான்.

இதற்குச் சரியான தீர்வு சாம்பல் இங்க் உள்ள பிரிண்டர். 2005-இல் எப்சன் கொண்டுவந்த கே3 இங்க் வரிசையில் கறுப்போடு இரண்டு நீர்த்த கறுப்புகளும், அதாவது சாம்பல்களும், உண்டு. அந்த பிரிண்டர்களின் டிரைவரில் (கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) உள்ள கறுப்பு வெள்ளைக்கான தனி மோடு, பெரும்பாலும் இந்த மூன்றையே இறக்கி, கலரைத் துளித்துளியாகத்தான் சேர்க்கும். வீட்டுக்கு இது தாராளம். டேங்க் பிரிண்டர்தான் வேண்டுமென்றால் கேனன் ஜி570-இல் ஒரு சாம்பல் இங்க் இருக்கிறது.

முழு மோனோ செட் வேறு உலகம். ஜான் கோன் என்பவரின் பீசோகிராஃபி போன்ற மோனோ இங்க் செட்டுகளில் எல்லா டேங்கிலும் வெவ்வேறு அடர்த்திச் சாம்பல்தான். வெளிறிய வானத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் புள்ளி தெரிவது அரிது. ஆனால் அந்த பிரிண்டரில் இனிக் கலர் வராது. சாதாரண டிரைவரும் ஒத்துவராது. எந்த டேங்கிலிருந்து எவ்வளவு இங்க் இறங்க வேண்டும் என்று தானே கணக்கிடும் குவாட்டோன் ரிப் போன்ற மென்பொருள் வேண்டும். அது சில எப்சன் மாடல்களில்தான் ஓடும் என்பதால், பட்டியலைப் பார்க்காமல் இங்க் வாங்காதீர்கள். இன்னொன்று: சுத்தமான கார்பன் இங்க் பழுப்பு சாய்ந்துதான் இருக்கும். ‘நியூட்ரல்’ என்று விற்பதில் அதை ஈடுகட்ட நீலம் கலந்திருப்பார்கள். ஒளியில் மங்காமல் நிற்பதில் கார்பன்தான் முந்தும். பழைய குடும்பப் படத்துக்கு அந்தப் பழுப்பு அழகுதான், என்னைக் கேட்டால்.

இங்க்குக்கு முன்னால் காகிதத்தை முடிவு செய்யுங்கள். பளபளப்பில்லாத தாளுக்கான மேட் பிளாக் இங்க்கைப் பளபளப்புத் தாளில் அடித்தால் விரல் பட்டதும் ஈஷிக்கொண்டு வரும். பளபளப்புத் தாளுக்கான போட்டோ பிளாக்கைப் பளபளப்பில்லாத பருத்திக் காகிதத்தில் அடித்தால் கறுப்பு சோகை பிடித்தது போல இருக்கும். பிக்மென்ட் இங்க் (நிறத்துகள்கள் மிதக்கும் இங்க்) அடியில் படியும். பாட்டிலை மெதுவாகக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். வாரம் ஒரு முறையாவது நாசில் செக் (இங்க் துளைகளைச் சோதிக்கும் பக்கம்) அடிக்காவிட்டால் இங்க் தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளலாம்.

மாதத்துக்கு நாலைந்து படம்தான் என்றால் புது மெஷின் வேண்டாம். சாம்பல் இங்க் வைத்திருக்கும் ஸ்டூடியோவில் கொடுத்து வாங்குங்கள். அதுவரை, படத்தை லேசாகச் செபியா (பழுப்புச் சாயல்) ஆக்கி உங்கள் பிரிண்டரிலேயே போட்டுப் பாருங்கள். நடுநிலைச் சாம்பலில் உடனே கண்ணில் படும் பச்சை, பழுப்பில் அவ்வளவாகத் தெரியாது.