பென்சில்வேனியாவில் மனைப்பிரிவு வரைபடத்துக்கான 90 நாள் கெடு எப்போது தொடங்குகிறது?

ஒரு நிலத்தை மனைகளாகப் பிரிக்கும் வரைபடத்துக்கு உள்ளாட்சி முடிவு சொல்ல வேண்டிய காலம் இது. 1968-ல் வந்த மாநிலத் திட்டமிடல் சட்டம் 90 நாள் தருகிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து அல்ல; உள்ளாட்சி மன்றமோ திட்டக்குழுவோ, எது முதலில் பரிசீலிக்கிறதோ அதன் அடுத்த வழக்கமான கூட்டத்திலிருந்து. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த நேரம் கணக்கில்லை, வண்டி கிளம்பிய நேரம்தான். மார்ச் 3-ல் கொடுத்து, கூட்டம் 18-ல் நடந்தால் கெடு ஜூன் 16. விண்ணப்பித்து 30 நாளுக்குப் பிறகுதான் கூட்டம் என்றால், விண்ணப்பித்ததிலிருந்து 30-ம் நாளே தொடக்கம்.

இழுத்தடித்தே விண்ணப்பத்தைச் சாகடிக்காமலிருக்கத்தான் இந்தக் கெடு. தாண்டினால் கேட்டபடியே ஒப்புதல் கிடைத்ததாகிவிடும். அதனால்தான் கடைசி வாரத்தில், கெடுவை நீட்டிக்க நீங்கள் சம்மதிப்பதாகச் சொல்லும் கடிதத்தை உள்ளாட்சியினர் உங்களிடம் நீட்டுவார்கள். புதிய தேதி இல்லாத கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

90 நாளுக்குள் அனுமதி தந்தே ஆகவேண்டும் என்பதில்லை. குறையையும் மீறிய விதியையும் எழுத்தில் காட்டி நிராகரிக்கலாம்.