வாரண்டி முடிந்த போனுக்கு நானே பேட்டரி மாற்றலாமா? நிறுவனங்கள் ஏன் கூடாது என்கின்றன?

தாராளமாக மாற்றலாம். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

"உங்கள் பாதுகாப்புக்காகத்தான் வேண்டாம் என்கிறோம்" என்று நிறுவனங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கக்கூடும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த ஆபத்தைக் குறைக்க நினைப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? செய்முறை விளக்கத்தை வெளியிட வேண்டும், ஒரிஜினல் பேட்டரியைக் கேட்பவருக்கு விற்க வேண்டும், நெம்பாமல் கழற்றும்படி பேட்டரியைப் பொருத்த வேண்டும். இந்த மூன்றையும் செய்யாமல், முரட்டுப் பசை போட்டு ஒட்டிவிட்டு, "கழற்றுவது ஆபத்து" என்றால் எப்படி ஏற்றுக்கொள்வது?

இதைப் படித்ததும் "தெரியாதவர்களைத் தூண்டிவிடாதீர்கள்" என்று சிலர் வருவார்கள். எல்லோரும் எல்லாமும் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. போனின் போர்டில் ஐ.சி. (சிப்) மாற்ற, சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவி, மைக்ரோஸ்கோப், நல்ல கைப்பழக்கம் எல்லாம் வேண்டும். பேட்டரி மாற்றுவது அப்படியில்லை; பொறுமையுள்ள யாரும் ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம்.

உங்கள் போன் மூன்று நான்கு வருடம் பழையது, 30 சதவீதம் சார்ஜ் காட்டும்போதே திடீரென்று அணைகிறது என்று வைத்துக்கொள்கிறேன். பேட்டரி பழசாகும்போது அதன் உள்மின்தடை கூடும். கேமராவோ கேமோ திறந்து மின்தேவை சட்டென்று ஏறினால் வோல்டேஜ் சரிந்து, போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பேட்டரியை மாற்றினால் இது போய்விடும்.

வேறொரு கோளாறும் இருக்கலாம், அதை முதலில் பாருங்கள். திரை ஒரு ஓரத்தில் தூக்கியிருக்கிறதா, பின்மூடி புடைத்திருக்கிறதா? அப்படியென்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. சூடு காட்டாதீர்கள், அழுத்தாதீர்கள், இனி சார்ஜும் போடாதீர்கள். அந்த ஒரு நிலையில் மட்டும் அனுபவமுள்ள ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரி வாங்கும்போது ஒரு கணக்கு உதவும். பழைய பேட்டரியின் மேல் வோல்ட், மில்லி ஆம்பியர் ஹவர், வாட் ஹவர் மூன்றும் அச்சிட்டிருக்கும். 3000 மில்லி ஆம்பியர் ஹவரை 3.8 வோல்ட்டால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 11.4 வாட் ஹவர். புதியதில் இந்தக் கணக்கு உதைத்தால், லேபிளில் எண்ணை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அதே அளவு, அதே தடிமன், ஆனால் "30 சதவீதம் கூடுதல் கொள்ளளவு" என்று விற்கிற எதையும் வாங்காதீர்கள்.

வேலைக்கு முன் முக்கியமான தரவை நகலெடுத்துவிட்டு, சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்குங்கள். தேங்கியிருக்கும் ஆற்றல் குறைவாக இருந்தால், தவறிப் போய் ஓட்டை விழுந்தாலும் தீ அந்த அளவுக்கு மூர்க்கமாக இருக்காது. பிறகு போனை முழுமையாக அணைத்துவிட்டு, பசை இளகுவதற்காக, உங்கள் மாடலில் திறக்கும் பக்கத்தின் ஓரங்களை ஹேர் டிரையரால் ஒரே இடத்தில் நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் சூடாக்குங்கள். தொட்டால் கை பொறுக்க முடியாத சூடு வந்தால் போதும். உறிஞ்சு கப்பால் லேசாகத் தூக்கி, இடைவெளியில் மெல்லிய பிளாஸ்டிக் பிக்கை (கிடார் மீட்டும் வில்லை போன்றது) மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் நுழைத்து ஓட்டுங்கள். ஆழமாகப் போனால் திரையைப் போர்டோடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிள் போன்றவை அறுந்துவிடும். கேபிள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் மாடலின் படத்தை முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூக்களில்தான் நிறைய பேர் போர்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும், ஒன்று 1.2 மி.மீ., பக்கத்தில் இருப்பது 1.6 மி.மீ. நீளமானதைக் குட்டையின் துளையில் முறுக்கினால் அது போர்டின் உள்அடுக்குகளில் இருக்கும் தடங்களை அறுத்துவிடும். அதன்பின் போன் உயிர்பெறாமலே போகலாம். ஒரு தாளில் போனின் வரைபடத்தைப் போட்டு, கழற்றிய ஸ்க்ரூவை அதே இடத்தில் ஒட்டிவையுங்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை, பிளாஸ்டிக் கருவியால் பேட்டரி கனெக்டரை விடுவிப்பது. அதற்கு முன் டிஸ்ப்ளே கனெக்டரைத் தொட வேண்டாம். மின்சாரம் இருக்கும்போது அதைப் பிடுங்கினால் திரைக்கு வெளிச்சம் தரும் பேக்லைட் லைனில் ஷார்ட் ஆகி, போர்டில் இருக்கும் ஃபில்டர் என்ற சிறு பாகம் போய்விடும். படம் வரும், வெளிச்சம் வராது. அதைச் சரிசெய்வது போர்டு வேலை.

பேட்டரிக்கு அடியில் இழுத்து எடுக்கும் பசைப்பட்டைகள் இருந்தால் நல்லது. தரையோடு தாழ்ந்த கோணத்தில், அவசரப்படாமல் இழுங்கள். பட்டை அறுந்துவிட்டாலும், பட்டையே இல்லாத மாடலாக இருந்தாலும், 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சில சொட்டு ஓரத்தில் விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, பிளாஸ்டிக் கார்டை நுழையுங்கள். ஆல்கஹால் திரைப்பக்கம் ஓடினால் நிரந்தரக் கறை விழும். உலோகத்தால் நெம்பவே கூடாது. வளைந்துபோன பேட்டரியைத் திரும்பவும் போடாதீர்கள்.

புதியதைப் பொருத்தி, மூடுவதற்கு முன்பே ஆன் செய்து சார்ஜ் ஏறுகிறதா, தொடுதிரை, முன்கேமரா, ஸ்பீக்கர் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். ஓரத்துக்குப் புதுப் பசைச்சட்டம் ஒட்டி மூடுங்கள். அதற்குப் பிறகு போன் தண்ணீரைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். முதல் முறை 100 சதவீதம் ஏற்றி, மேலும் இரண்டு மணி நேரம் சார்ஜிலேயே விட்டு, தானாக அணையும்வரை பயன்படுத்தி, மீண்டும் இடைவிடாமல் நிரப்புங்கள். சதவீதம் சரியாகக் காட்டத் தொடங்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் சில போன்கள் "தெரியாத பாகம்" என்று எச்சரிக்கும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பேட்டரி, திரை, கேமரா ஆகியவற்றின் சிப்பில் இருக்கும் வரிசை எண்ணை மென்பொருள் போர்டோடு இணைத்துவைக்கிறது. அதே மாடல் போன் இரண்டை வாங்கி, ஒன்றின் ஒரிஜினல் பாகத்தை மற்றதில் போட்டாலும் பொருந்தாத பாகமென்று காட்டிய மாடல்கள் உண்டு. ஐபோனில் 2018ஆம் ஆண்டின் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்து பேட்டரிக்கு இது உண்டு. 2021இல் ஐபோன் 13 வந்தபோது, வெளியில் திரை மாற்றினால், முகம் பார்த்துப் போனைத் திறக்கும் ஃபேஸ் ஐடி நின்றுபோனது. எதிர்ப்பு எழுந்ததும் மென்பொருள் அப்டேட்டில் அந்தத் தடையை விலக்கினார்கள். ஒரு அப்டேட்டில் விலக்க முடிந்த தடையைப் பாதுகாப்புக்கான தடை என்று நான் எப்படி நம்புவது? கைரேகை சென்சாரைச் சரிபார்ப்பது நியாயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேட்டரியில் பாதுகாக்க என் ரகசியம் எதுவும் இல்லை.

பழைய பேட்டரியின் சிப்பைப் பிரித்துப் புது செல்லில் ஸ்பாட் வெல்ட் செய்து (மின்சூட்டால் புள்ளிபுள்ளியாகப் பற்றவைத்து) இந்த எச்சரிக்கையைப் போக்குகிறவர்கள் உண்டு. வீட்டில் அதை முயல வேண்டாம். தீ விபத்துக்கு நேர்வழி அது. எச்சரிக்கை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், போன் ஓடும்.

சட்டம் மெதுவாகத்தான் வருகிறது, ஆனாலும் வருகிறது. வெளியில் ரிப்பேர் செய்ததைக் காட்டித் தீர்வு கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னதற்காக 2018இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதே ஆண்டு அமெரிக்காவில், "இந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி இல்லை" என்பது போன்ற நிபந்தனைகளுக்காக 6 நிறுவனங்களுக்கு, நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இதற்கு அடிப்படை 1975ஆம் ஆண்டின் அமெரிக்க வாரண்டிச் சட்டம். பாகங்களை இப்படி வரிசை எண்ணால் பூட்டுவதை அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2024இல் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நின்ற பின்னும் 7 ஆண்டுகளுக்குப் போன் உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரி பயனரே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தச் சட்டங்கள் உங்கள் நாட்டுக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம். ஆனால் "தொழில்நுட்பரீதியாக முடியாது" என்ற சாக்கு இனி எங்கேயும் எடுபடாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், போன் மட்டுமில்லை. இங்க்ஜெட் பிரிண்டர்களில், மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் மை வடிந்து சேர அடியில் ஒரு பஞ்சு இருக்கும். அது நனைந்ததா என்று பல மாடல்களில் எந்த சென்சாரும் பார்ப்பதில்லை. மென்பொருள் எண்ணிக்கொண்டே வந்து, வரம்பு எட்டியதும் பிரிண்டரையே நிறுத்திவிடும். பஞ்சை எளிதாக மாற்றலாம். அந்த எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் மென்பொருளைத்தான் பயனருக்கு எளிதில் தர மாட்டார்கள். நன்றாக ஓடுகிற எந்திரங்கள் இதனால் குப்பைக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கழற்றிய பழைய பேட்டரியின் கனெக்டர் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலோகப் பொருள்கள் இல்லாத டப்பாவில் தனியாக வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் லாரியில் நசுங்கும்போது தீப்பிடிக்கலாம்.