கானா நாட்டுக் கொடி எத்தியோப்பியக் கொடியைக் காப்பியடித்ததா?

கேள்வியில் 'காப்பி' என்று இருப்பதைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கானாவின் துறைமுக நகரான டெமாவில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான்.

சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் எத்தியோப்பியாவிடமிருந்து வந்தவைதான். கானாவில் யாரும் அதை மறைப்பதில்லை. 1896இல் அத்வாவில் இத்தாலியப் படையை விரட்டியடித்த நாடு எத்தியோப்பியா. 1957 மார்ச் 6இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற கானா, அதன் வண்ணங்களை மரியாதையோடு எடுத்துக்கொண்டது. வரிசை மட்டும் வேறு: மேலே விடுதலைக்காகச் சிந்திய ரத்தம், நடுவில் தங்கவளம், கீழே காடும் பயிரும். மஞ்சளின் மேல் இருக்கும் கறுப்பு நட்சத்திரத்தின் வேர், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்க்கஸ் கார்வி தொடங்கிய 'பிளாக் ஸ்டார் லைன்' கப்பல் நிறுவனம். கால்பந்து அணியின் பெயரும் 'பிளாக் ஸ்டார்ஸ்'தான்.

இதை வடிவமைத்தவர் தியோடோசியா ஒகோ என்ற ஆசிரியை. ஓவியர், நாட்டின் ஹாக்கி சங்கத்துக்கும் தலைமை தாங்கியவர். தலைநகர் அக்ராவில் ஹாக்கி மைதானத்துக்கே அவர் பெயர். அவர் உயிரோடு இருக்கும்போதே அதை மாற்றி, மறைந்த ஜனாதிபதி ஒருவரின் பெயரை வைக்கப் பார்த்தார்கள். என்னோடு வேலை பார்த்த ஓர் அக்கா பள்ளி நாளில் ஹாக்கி ஆடியவர். செய்தி வந்த அன்று மதியம் சாப்பாட்டைத் தொடவே இல்லை. "கொடியைக் கொடுத்த அம்மாவுக்கே இந்த நிலைமையா?" என்று எங்களிடமெல்லாம் பொருமித் தீர்த்தார். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதால் பழைய பெயரே நிலைத்தது. 2015இல் தன் 92ஆவது வயதில் அந்த அம்மா காலமானார்.

ஊருக்கு வந்தால் என்னிடம் கேட்பது, "ஆப்பிரிக்காவிலே சாப்பாடெல்லாம் கிடைக்குமா?" என்றுதான். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளை ஒரே ஊராக நினைக்கிறார்கள். படித்தவர்களும் இப்படிக் கேட்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. பொலிவியா கொடியிலும் இதே மூன்று வண்ணங்கள், கானாவின் அதே வரிசையில். அதை யாரும் காப்பி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நடுவில் வெள்ளைப் பட்டை இருக்கும் படத்தைக் காட்டி, இதுதான் அசல் கொடி என்று யாராவது கருத்துப் பகுதிக்கு வரலாம். அது 1964இல் அப்போதைய ஜனாதிபதி என்க்ரூமாவின் ஆட்சியில், அவருடைய கட்சிக் கொடியின் வண்ணத்துக்கு ஏற்ப மாற்றியது. 1966இல் அவரைக் கவிழ்த்ததும் ஒகோ வரைந்த மஞ்சளே திரும்பி வந்துவிட்டது.